மருதாசலக் கவுண்டரின் ராஜினாமா

சாத்தம்பாளையம் மணியக்காரர் மருதாசலக் கவுண்டர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தின் பெயர் ராஜினாமா. "என் தேக அசௌக்கியத்தை முன்னிட்டும், எவருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமான சம்மதத்தின் பேரிலும்" கிராம முன்சீப் வேலையை விட்டுவிடுவதாக அதில் கண்டிருந்தது. அன்று அவருக்கு வயது முப்பத்திநாலு. காலையில்தான் இரண்டு ஏர் ஓட்டிவிட்டு வந்திருந்தார். தூண்டியவர் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சம்மதம் அந்த அறையில் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பரமத்தி வேலூருக்கு மேற்கே, காவிரிக் கரையில், வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாக இருக்கிற ஊர் சாத்தம்பாளையம். பெருவெள்ளம் வந்துபோன இரண்டாம் வருஷம், 1926 பங்குனியில், அங்கே மாரியம்மனுக்கு நோம்பி சாட்டித் திருவிழா தொடங்கினார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த மரக்கொம்பு ஒன்றைக் கோயில் முன்னால் நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டுவார்கள். அதுதான் கம்பம். பதினைந்து நாள் பெண்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பதினாறாம் நாள் பிடுங்கி ஆற்றில் விடுவார்கள். கம்பம் நிற்கிற வரை, கையில் காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதைவிடக் கண்டிப்பான ஏற்பாடு ஒன்றும் அந்த ஊரில் உண்டு. கம்பம் நிற்கையில் ஊரில் சாவு கிடையாது. யாராவது செத்துப்போனால் பறை இல்லை, ஒப்பாரி இல்லை, சொந்தத்துக்குச் சொல்லியனுப்புவது இல்லை. சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, கம்பம் ஆற்றோடு போன பிறகுதான் அழுவார்கள். அழுகையைப் பதினைந்து நாள் தள்ளிப்போடத் தெரிந்த ஊர்.

அந்த வருஷம் கம்பம் நட்ட மூன்றாம் நாளே வாந்திபேதி வந்துவிட்டது.

வாந்திபேதி கண்ட அன்றே தாலுகா கச்சேரிக்கு ரிப்போர்ட்டு அனுப்புவதும், செத்தவர்கள் பெயரை மரண ரிஜிஸ்தரில் ஏற்றுவதும் கிராம முன்சீப்பின் வேலை. மருதாசலக் கவுண்டர்தான் முன்சீப். கம்பத்துக்கு முதல் குடம் ஊற்றும் உரிமையுள்ள வீட்டுக்காரரும் அவரே. எழுதினால் ஊரில் சாவு நடந்ததாக ஆகிவிடும். எழுதாவிட்டால் நடக்காததாக ஆகிவிடும் என்று அவர் நம்பினார் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. பத்து நாளில் ஒன்பது பேர் போனார்கள். ரிஜிஸ்தரின்படி அந்தப் பத்து நாளும் சாத்தம்பாளையத்தில் அனைவரும் சௌக்கியம்.

பதினோராம் நாள், அவர் மனைவி பொன்னாத்தாளின் அண்ணன் சென்னியப்பன், கட்டிய காப்போடு எல்லையைத் தாண்டிக் கச்சேரிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். கிணறுகளில் மருந்து போட்டார்கள், எல்லோருக்கும் ஊசி குத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு சாவுதான். நியாயமாகப் பார்த்தால் சென்னியப்பன் பாதி ஊரைக் காப்பாற்றியவர். ஆனால் அவர் அதற்காகப் போனவர் அல்லர். முன்சீப் வேலைமீது அவருக்கு ஐந்தாறு வருஷமாகக் கண். நல்ல காரியம் ஒன்று கெட்ட எண்ணத்தின் முதுகில் ஏறிக்கொண்டு கச்சேரி வரை போயிருந்தது.

"டிஸ்மிஸ் செய்தால் உங்கள் பரம்பரைக்கே இந்த வேலை போய்விடும்," என்றார் மேலதிகாரி. "ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பாத்தியதை அப்படியே நிற்கும். எது வேண்டும்?"

மருதாசலக் கவுண்டர் எழுதிக் கொடுத்தார். அவருக்கு இரண்டும் பெண்கள். வேலையில் உட்கார வேறு பங்காளியும் இல்லை. எனவே தற்காலிகமாகச் சென்னியப்பனை நியமித்தார்கள். சர்க்கார் பாஷையில் தற்காலிகம் என்றால் பதினேழு வருஷம் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஊர் சும்மா விடவில்லை. காப்போடு எல்லை தாண்டிய குற்றத்துக்காகச் சென்னியப்பன் நூற்றொரு குடம் தண்ணீர் சுமந்து கம்பத்துக்கு ஊற்ற வேண்டியதாயிற்று. கம்பம் நிற்கையில் இனி எக்காலத்திலும் தானும் எல்லை தாண்டுவதில்லை, ஆளும் அனுப்புவதில்லை என்று அதைத் தொட்டுச் சத்தியமும் செய்தார். ஈர வேட்டியோடு அவர் நின்றதைப் பார்த்து ஊர் திருப்தியடைந்தது. மருதாசலக் கவுண்டர் அடையவில்லை. தான் எழுதிய அதே காகிதத்தை, அதே வார்த்தைகளோடு, அந்தக் கை எழுத வேண்டும். எழுதும்போது வலிக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவ்வளவுக்கு ஓர் ஆயுள் போதுமா என்பதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

முதல் பெட்டிசன் எழுதிக்கொள்ள அவர் போனது கச்சேரிக்கு எதிரே புளியமரத்தடியில் சாய்வுப் பெட்டி வைத்து உட்கார்ந்திருந்த காதர் சாயபுவிடம். சாயபு பட்டாளத்தில் பாஷை கற்பிக்கும் முன்ஷியாக இருந்து பாஸ்ரா, லாகூர், பூனா என்று சுற்றி ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பட்டாளத்திலிருந்து பித்தளைச் சாமானும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். அவர் வார்த்தைகள் கொண்டுவந்தார்.

"எழுதறதுக்கு முன்னாலே ஒண்ணு கேக்கறேன் கவுண்டரே. ராஜினாமான்னா என்னான்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"வேலைய உடறதுங்க."

"அது இந்தக் கச்சேரியிலே. எங்க வூட்டு பாஷையிலே அது ரெண்டு பேரு சண்டை தீந்து சமாதானமாப் போறப்ப எழுதிக்கிற காயிதம். ராஜின்னா சம்மதம். நாமான்னா சீட்டு. பாரசீகக்காரன் சேத்து வெச்ச சொல்லு."



"சமாதானம்னா ரெண்டு கையெளுத்து வேணுமில்லீங்க?"

"வேணும்."

"என்ற காயிதத்துல ஒண்ணுதான் இருக்குது. அவன் போடோணும். அதுக்குத்தான் வந்திருக்கறனுங்க. எளுதுங்க."

அப்படி ஆரம்பித்தது. வருஷத்துக்கு இரண்டு மூன்று என்று பதினேழு வருஷத்தில் நாற்பத்துமூன்று பெட்டிசன்கள். சென்னியப்பன் எல்லைக்கல் நட்டது ஒரு முழம் தள்ளி. சென்னியப்பன் ஜமாபந்திக்கு அரை நாள் தாமதம். சென்னியப்பன் பட்டி மாட்டை அடைத்த தொழுவத்துக்குக் கூரை இல்லை. எல்லாம் நிஜம், எல்லாம் அற்பம். ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் அவரை நீக்கி வேலையைத் திரும்பத் தரும்படி ஒரு வேண்டுகோள். பெரிதாக ஒன்று புனைந்து, பெயர் போடாமல் மொட்டைக் கடுதாசியாகத் தட்டிவிட்டால் இரண்டே மாதத்தில் காரியம் முடியும் என்று சாயபு தொழில் ரகசியமாகச் சொல்லிப் பார்த்தார். கவுண்டர் கேட்கவில்லை. "பொய் எளுதறது ஒருக்காப் போதுமுங்க," என்றுவிட்டார். பழி வாங்குவதில் இத்தனை யோக்கியதை பார்த்தவரை அந்தத் தாலுகா கண்டதில்லை. எல்லாப் பெட்டிசனும் 'பார்வையிடப்பட்டது' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

ஒவ்வொரு பெட்டிசனுக்கும் சாயபு ஒரு கொசுறு கொடுத்தார். ராஜி என்ற சொல்லைப் பற்றி ஏதாவது ஒரு சேதி. கவுண்டர் கேட்டு வாங்கிக்கொள்ளவும் பழகிவிட்டார். தன்னைக் கவிழ்த்த காளையின் சுழியும் வம்சமும் விசாரிக்கிறவர் போல.

"அரபியிலேதான் வேரு," என்றார் சாயபு ஒரு வருஷம். "அங்கே அது ஆண்டவனோட திருப்தி. எங்க பெரியவங்க பேரு சொன்னாக் கூடவே ரலின்னு சொல்லுவோம். ஆண்டவன் அவங்களைப் பொருந்திக்கட்டும்னு அர்த்தம். அந்த ரலியும் இந்த ராஜியும் ஒரே வேரு. நடுவிலே ஒரு எழுத்து. அது அரபிக்காரன் தொண்டைக்குத்தான் வரும். பள்ளிவாசல்லே லகரமாச்சு. பாரசீகக்காரன் வாயிலே வேறெயாச்சு. கச்சேரிக்கு வந்தப்ப ஜகரமா நின்னுது."

"சாமிக்குத் திருப்தியா இருந்தது சர்க்காருக்கு வந்தப்ப இப்புடி ஆயிப்போச்சாக்கு."

"வழியிலே பல கை மாறிச்சில்ல."

இன்னொரு தடவை லாகூர்ச் சேதி வந்தது. அந்தப் பக்கத்தில் காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து நடமாடினால் ராஜி ஆகிவிட்டான் என்பார்களாம். உடம்பு தேறுவதற்கு அந்தச் சொல். கவுண்டருக்கு இது எல்லாவற்றையும்விட ஆத்திரத்தைத் தந்தது. "நோவு வந்து வேலையுடறேன்னு நான் எளுதுனேன். அந்தூர்ல நோவு தீந்துட்டா ராஜியா? எந்தூருக்குப் போனாலும் இந்தச் சொல்லு நல்லாத்தான் இருக்குது, என்ற ஊட்டுக்கு வந்தப்பத்தான் கெரகம் புடிச்சுக்கிச்சு."

சாத்தம்பாளையத்துக் குடியானவர்களிடம் இவ்வளவு ஆராய்ச்சி இல்லை. ராசா நாமம் என்றே சொன்னார்கள். ராஜா நெற்றியில் போட்டுவிட்ட நாமம் என்பது அவர்கள் கருத்து. எல்லா மொழியையும் சேர்த்துப் பார்த்தால் நடந்ததற்கு மிகவும் நெருங்கி வந்த பொருள் இதுதான்.

சண்டை என்றால் கையோடு மரியாதையும் வேண்டும் என்பது கவுண்டரின் கொள்கை. தை மாதம் சென்னியப்பன் தங்கைக்குச் சீர்க்கூடை அனுப்புவார்: வெல்லம், தேங்காய், ஒரு தார் பழம், சேலை. மருதாசலக் கவுண்டர் அதைத் தொட மாட்டார். ஆனால் அடுத்தவன் கூடை நம் வீட்டிலிருந்து குறையோடு போனது என்று பெயர் வரக் கூடாதே. மேலே இரண்டு சீப்புப் பழம் வைத்துத் திருப்பி அனுப்புவார். மறு தையில் சென்னியப்பன், வந்ததற்குக் குறையாமல், அந்த இரண்டு சீப்பையும் சேர்த்துக் கூடையைப் பெரிதாக்குவார். அது இன்னும் இரண்டு சீப்போடு திரும்பும். பதினைந்தாம் வருஷம் கூடை போய் வண்டியாகிவிட்டது. பகையை ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி என்று தெரியாத வெளியூர்க்காரர்கள், ஏதோ கல்யாணம் என்று வழிவிட்டு நின்றார்கள்.

பொன்னாத்தாள் பதினேழு வருஷமாகப் பிறந்த வீட்டில் கை நனைக்கவில்லை. புருஷன் வேண்டாம் என்றார். அவள் சரி என்றாள். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்று அர்த்தமில்லை.

"ஏனுங்க, எங்கண்ணன் மேல எளுதுற காயிதத்த எல்லாம் சேத்து வெச்சிருந்தா இந்நேரம் ஒரு சாளைக்குக் கூரை மேஞ்சிருக்கலாமுங்க."

"உங்கண்ணன் எறங்கட்டும். அப்புறம் மேஞ்சுக்கலாம்."

"அவிய எறங்கறதுக்குள்ள நீங்க சுடுகாட்டுக்குப் போயிருவீங்களாட்டம் இருக்குது."

"போனாலும் காயிதம் வரும்."

ஊரார் இரண்டு மூன்று முறை ராஜி பேச வந்தார்கள். மச்சான் மாப்பிள்ளைக்குள் எதற்கு வழக்கு, ராஜியாகப் போய்விடுங்கள் என்றார்கள். "நான் ஒருக்கா ராஜி எளுதிக் குடுத்துட்டனுங்க. அதே இன்னும் செமிக்கல," என்று மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

1943 பங்குனியில் மறுபடி நோம்பி சாட்டினார்கள், கம்பம் நட்டார்கள். யுத்தகாலம். கிராம முன்சீப் வேலை முன்னைப் போல் இல்லை. வீடு வீடாகப் புகுந்து குதிரில் எத்தனை மூட்டை நெல் என்று பார்த்து எழுத வேண்டும். சர்க்கார் கொள்முதலுக்கு ஒப்படைக்க வைக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் சீட்டுக் கொடுக்க வேண்டும். சீட்டு வாங்கியவர்கள் போதவில்லை என்று திட்டினார்கள். வாங்காதவர்கள் அதற்கும் சேர்த்துத் திட்டினார்கள். சென்னியப்பன் தெருவில் வந்தால் பெண்கள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அவர் ஒற்றையாய்ப் போய் ஒற்றையாய்த் திரும்பினார்.

ஐந்தாம் நாள் வாந்திபேதி. எட்டாம் நாளைக்குள் நான்கு பேர் போய்விட்டார்கள். பறை இல்லை, அழுகை இல்லை. ரிப்போர்ட்டும் போகவில்லை. போகவும் முடியாது: சென்னியப்பன் கம்பத்தைத் தொட்டுச் செய்த சத்தியம் ஊருக்கே நினைவிருந்தது. நெல் எடுத்துக் கொடுத்த ஆள் சத்தியத்தையும் மீறினால் கல்லால் அடிப்பார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"நாலுங்க," என்றாள் பொன்னாத்தாள், சோற்றைப் போட்டுக்கொண்டே. "கெழக்கால ஊட்டு முத்தாயம்மாளுக்கும் விடியத்துல இருந்து போகுதாமா. கொளந்த மாருல கெடக்குது."

ரசத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினேளு வருசத்துக்கு முன்னால நீங்க உக்காந்திருந்த மாதிரியே அங்க எங்கண்ணன் உக்காந்திருக்கறாங்க. அன்னைக்கு ஒன்பது போன பொறகு ஒருத்தன் எந்திரிச்சுப் போனான். இன்னைக்கு எத்தன போகோணும்னு கணக்கு வெச்சிருக்கறீங்க?"

கவுண்டர் கை கழுவிவிட்டுத் துண்டை எடுத்தார். உச்சிவெயிலில், ஊர் பார்க்க, பதினேழு வருஷத்தில் முதல் முறையாக மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார். சென்னியப்பன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ளே," என்றார். "உக்காருங்க."

"உக்கார வரலீங்க மச்சான். ரிப்போட்டு எளுதுங்க. கொண்டுட்டுப் போறேன்."

"சத்தியம் இருக்குதே மாப்ளே. ஆள் அனுப்பப் புடாது."

"நீங்க அனுப்பலீங்க. நான் கேட்டு வாங்கீட்டுப் போறேன். என்ற காப்பு, என்ற பாவம். அதுக்கு ஒரு வெல இருக்குது."

"என்ன வெல?"

"அதே காயிதமுங்க. தேக அசௌக்கியம், தூண்டுதல் இல்லாம, மனப்பூர்வமான சம்மதம். ஒரு வார்த்த கொறையாம எளுதோணும். உங்க கையால."

இந்த வாக்கியத்தை அவர் பதினேழு வருஷமாகக் கொடிக்காலிலும் வண்டியிலும் சொல்லிப் பழகியிருந்தார். அதைக் கேட்டுச் சென்னியப்பன் முகம் எப்படிக் கறுக்கும் என்பதையும் பார்த்துவைத்திருந்தார். முகம் கறுக்கவில்லை. சென்னியப்பன் எழுந்து, பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். பிரித்துப் பார்த்தால் ராஜினாமா. தை மாதத் தேதி போட்டிருந்தது.

"எளுதி மூணு மாசமாச்சு மாப்ளே. உங்ககிட்டத் தோத்துட்டேன்னு ஊரு சொல்லுமேன்னுதான் பொட்டியில கெடக்குது. நீங்களே கொண்டுட்டுப் போறீங்கன்னா எனக்கு அதவிடச் சந்தோசம் என்ன இருக்குது? இந்த வேலையா இது? என்ற பேத்தி என்னயப் பாத்தா நெல்லுக் கொட்டத்தச் சாத்தறா."

மருதாசலக் கவுண்டர் காகிதத்தைப் படித்தார். தேக அசௌக்கியம்: சென்னியப்பனுக்கு உண்மையாகவே மூட்டுவலி. தூண்டுதல் இல்லை: உண்மை. மனப்பூர்வமான சம்மதம்: அதற்கு மேல் ஒருவன் சம்மதிக்க முடியாது. பதினேழு வருஷம் முன்பு அவர் எழுதியபோது பொய்யாக இருந்த ஒவ்வொரு சொல்லும் இந்தக் காகிதத்தில் நிஜமாக உட்கார்ந்திருந்தது. எழுதிய கைக்கு வலித்த அடையாளமே இல்லை. அட்சரங்கள் உருண்டு திரண்டு அழகாக இருந்தன.

"ரிப்போட்டு எளுதுங்க," என்றார் வறண்ட குரலில்.

அதையும் வாங்கிக்கொண்டு கோயில் முன்னால் போனார். கையிலிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்துக் கம்பத்தின் கிளையில் கட்டினார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கக்கூடியவர்கள் வீட்டிலும் அன்று யாராவது படுத்திருந்தார்கள்.

பெட்ரோல் கிடைக்காத காலம். வேலூரிலிருந்து போன பஸ், முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, மேடு வந்த இடத்தில் எல்லாம் ஆட்களை இறக்கித் தள்ளவைத்தது. தன் வெற்றியைத் தானே தள்ளிக்கொண்டு போகிறோம் என்ற எண்ணம் அவருக்கு வந்ததோ என்னவோ, கச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது சட்டையெல்லாம் கரி. ரிப்போர்ட்டைக் கொடுத்தார். அதற்கு ஓட்டம் நடந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் உடனே மருந்துப் பெட்டியைக் கட்டச் சொன்னார். ராஜினாமாவையும் கொடுத்தார். அதற்குத் தாசில்தார் கூப்பிடும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். புளியமரத்தடிக்கு வந்தார்.

காதர் சாயபுவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். நடந்ததைக் கேட்டு மெல்லச் சிரித்தார்.

"கெடைச்சுப் போச்சில்ல கவுண்டரே. அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"சந்தோசமாக் குடுக்கறானுங்க சாயபு. வேணுமின்னா இன்னொண்ணும் எளுதித் தாரேங்கறான். பிச்சக்காரனுக்குப் போட்ட மாதிரி இருக்குது."

"அப்ப இதுதான் நிஜமான ராஜினாமா. அரபிக்காரன் பாத்தா ஒத்துக்குவான்." சாயபு மூக்குப்பொடியை உறிஞ்சினார். "பூனாச் சேதி உங்களுக்குச் சொல்லலியே? அந்தப் பக்கம் குடியானவன் நெலத்தை சர்க்காருக்கு விட்டுடறப்ப எழுதிக் குடுக்கறதுக்குப் பேரு ராஜினாமா. ஆனா அது மட்டும் பத்தாது. அந்த நெலத்தை எடுத்துக்கறவன் ஒரு சீட்டு எழுதணும், ஏத்துக்கறேன்னு. அதுக்குக் கபூலியத்துன்னு பேரு. விடறவன் சீட்டு ஒண்ணு, பிடிக்கறவன் சீட்டு ஒண்ணு. ரெண்டாவது வர்ற வரைக்கும் மொதல் ஆளு கழண்டுக்க முடியாது."

"முடியாதுங்களா?"

"எப்படி முடியும்? நெலம் அந்தரத்திலே நிக்குமா?"

மருதாசலக் கவுண்டர் துண்டால் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் சேவகன் வந்து கூப்பிட்டான்.

தாசில்தார் இளவயதுக்காரர், களைத்திருந்தார். மேஜைமேல் அதே மாதிரி பன்னிரண்டு ராஜினாமாக்கள் கிடந்தன. யுத்தம் வந்த பிறகு எந்தக் கிராமத்திலும் முன்சீப்பாக இருக்க யாருக்கும் இஷ்டமில்லை என்றார்.

"உங்கள் விஷயம் வேறு. பரம்பரைப் பாத்தியதை உங்களுடையது. இந்த வேலையைத் திரும்பக் கேட்டு நாற்பத்துமூன்று மனு போட்டிருக்கிறீர்கள்." கட்டைத் தூக்கிக் காட்டினார், கனமாகத்தான் இருந்தது. "சென்னியப்பன் விலகிக்கொள்கிறார். நீங்கள் ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதினால் இன்றைக்கே உத்தரவு போடுகிறேன். நீங்களும் இல்லையென்றால் அந்த ஊருக்கு எனக்கு வேறு ஆள் கிடையாது. அவரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என்ன சொல்கிறீர்கள்? சம்மதம்தானே?"

பதினேழு வருஷம் அவர் கேட்டது அந்த மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கையை நீட்டினால் போதும்.

"நான் ராஜி இல்லீங்க," என்றார் மருதாசலக் கவுண்டர்.

தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் எதற்கு இத்தனை மனு?"

"அது அப்பங்க."

சென்னியப்பனின் ராஜினாமாமேல் தாசில்தார் எழுதினார்: ஏற்றுக்கொள்ள ஆள் கிடைக்கும் வரை வேலையைத் தொடர்ந்து பார்க்கவும். மை காய்கிற வரை கவுண்டர் நின்று பார்த்தார். சாதாரணக் காகிதத்தில் சாதாரண மையில் எழுதிய அந்த ஒரு வரி அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

மருந்துப் பெட்டியோடு இன்ஸ்பெக்டரும் அவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டர் பாலக்காட்டுப் பக்கத்து ஆள். மணியக்காரர் ராஜி வைத்துவிட்டாராமே என்று கேட்டார். அவர் நாட்டில் வேலையை விடுவதற்கே ராஜி என்றுதான் பெயராம். நாமா கீமா எல்லாம் கிடையாதாம்.

"உங்கூர்ல செரின்னு ஒப்புக்கிட்டாலே வேல போயிருமாட்டம் இருக்குதுங்க," என்றார் கவுண்டர். அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார். மேட்டில் பஸ்ஸைத் தள்ள முதல் ஆளாக இறங்கினார்.

கிணறுகளுக்கு மருந்து போட்டார்கள், ஊசி குத்தினார்கள். முத்தாயம்மாள் பிழைத்துக்கொண்டாள். லாகூர்க்காரர்கள் பாஷையில் ராஜி ஆனாள். காப்பை அவிழ்த்து எல்லை தாண்டிய மருதாசலக் கவுண்டருக்கு ஊர் நூற்றொரு குடம் விதித்தது. அவர் சுமந்து ஊற்றினார். குடங்களை எண்ண வேண்டியவர் கிராம முன்சீப். சென்னியப்பன் நிழலில் நின்று எண்ணினார். வேலையைத் தொடரச் சொன்ன உத்தரவு அன்று காலைதான் அவர் கைக்குக் கிடைத்திருந்தது. எண்பதாம் குடத்துக்கு மேல் அவருக்குக் கணக்குத் தவறித் தவறிப் போயிற்று; ஊற்றுகிறவர்தான் நிறுத்தி நிறுத்திச் சரியான எண்ணைச் சொல்லிக்கொடுத்தார்.

"எம்பத்தாறுங்க மச்சான். எளுதிக்குங்க."

பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்று பொன்னாத்தாளுக்கு அந்த வாரமே உத்தரவாயிற்று. அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "மணியகாரரு ஊட்டுக்குப் போறதுக்கு என்ன தடை? தாராளமாப் போயிட்டு வா. நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு," என்றார் கவுண்டர். போய்விட்டு வந்தவள் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள்: "அடிக்கறதுன்னா ஒரேயடியா அடிச்சிருக்கலாமுங்க."

தையில் சீர்வண்டி வந்தது. முதல் முறையாக அது திரும்பவில்லை. பழத்தைத் தெருவுக்கெல்லாம் பங்கு வைத்தார். மணியக்காரர் கொடுத்தது, மணியக்காரர் கொடுத்தது என்று சொல்லிச் சொல்லி வைத்தார். நெல் பறிகொடுத்த வீடுகளில் அந்தப் பழத்தை மாட்டுக்குப் போட்டார்கள்.

சென்னியப்பன் விடவில்லை. வேலூர்ப் பஸ்ஸில் இப்போது அவர் போனார். புளியமரத்தடியில் காதர் சாயபுவின் எதிரே அதே இடத்தில் உட்கார்ந்து, விடுவிக்கும்படி மனு எழுதிக்கொண்டார். சாயபு அவருக்கும் கொசுறு கொடுத்தாராம். ஒவ்வொரு மனுவுக்கும் கச்சேரியிலிருந்து மருதாசலக் கவுண்டருக்குக் கேள்வி வந்தது: ஏற்றுக்கொள்ளச் சம்மதமா? ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் போயிற்று. தேக அசௌக்கியம் என்று கூட அவர் காரணம் காட்டவில்லை.

யுத்தம் முடிந்தது, கொள்முதல் முடியவில்லை. 1946 ஐப்பசியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், சென்னியப்பன் கைத்தடியும் நோட்டுமாக மேற்குத் தெருவில் வந்துகொண்டிருந்தார். இரண்டு வீட்டில் அப்போதுதான் ஏச்சு வாங்கியிருந்தார். மருதாசலக் கவுண்டர் கொடிக்கால் வேலியோரம் வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, தெருவே பார்க்கக் கும்பிட்டார்.

"மணியகாரருங்க வாங்க."

சென்னியப்பன் நின்றார். நோட்டை வேலிமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"மாப்ளே, நேராவே கேக்கறேன். எப்பத்தான் ராஜி ஆவீங்க?"

மருதாசலக் கவுண்டர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு கவுளியிலிருந்து இரண்டு இளவெற்றிலையாகப் பொறுக்கி எடுத்து, காம்பு கிள்ளி, மச்சான் கையில் மரியாதையாகக் கொடுத்தார்.

"மூணு வருசம் ஓடிருச்சுங்க மச்சான்," என்றார். "இன்னும் பதினாலுதானுங்க."